ஊர் ஓட்டுப் போட்டது என்றால் யார் போட்டது?

உத்திரமேரூர் வட்டாரத்தில் தேர்தல் முடிவு வந்த மறுநாள் டீக்கடைகளில் தவறாமல் காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு. "அந்த ஊரு மொத்தமா அவங்களுக்குப் போட்டுட்டாங்க." சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இதில் ஒரு குறையும் தெரிவதில்லை. எங்களுக்குத் தெரியும். ஏன்னா எங்க பக்கத்துல 'ஊர்' என்றால் எல்லாரும் இல்லை. ஊர் வேற, காலனி வேற. எங்க ஆயா காலனியிலிருந்து ஐந்நூறு அடி நடந்து மளிகைக் கடைக்குப் போனாலும் "ஊருக்குப் போயிட்டு வரேன்" என்றுதான் சொல்லும். வாக்கப்பட்டு வந்து, ஏழு பிள்ளை பெத்து, நடவும் அறுப்பும் செய்து, செத்தும் போன இடம் அதற்கு ஊர் இல்லை. அப்படியானால் "ஊரு மொத்தமா போட்டுச்சு" என்கிறபோது எங்க ஆயா போட்ட ஓட்டு எங்கே போகிறது?

இது வார்த்தைச் சண்டை இல்லை. ஒரு முழுமையின் பேரைச் சொல்லிப் பேச யாருக்கு உரிமை? பேச விடாமல் நிறுத்தி வைத்தவர்களையும் தன் பேருக்குள் சேர்த்துக்கொண்டு ஒரு ஊர், ஒரு மாநிலம் முடிவெடுத்தால், அந்த முடிவு அவர்களைக் கட்டுமா? இந்தக் கேள்வியை மூன்று இடங்களில் வைத்துப் பார்க்கிறேன். 1964இல் அமெரிக்காவின் மிசிசிப்பி. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய எங்க உத்திரமேரூர். 1997இல் தமிழ்நாடு.

மிசிசிப்பியில் இருந்து ஆரம்பிக்கலாம். 1964 நவம்பரில் நடந்த அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் லிண்டன் ஜான்சன் நாடு முழுக்க 61 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். எதிர்த்து நின்ற பேரி கோல்ட்வாட்டர் அந்த வருஷம் வந்த சிவில் உரிமைச் சட்டத்துக்கு எதிராக செனட்டில் ஓட்டுப் போட்டவர். அவர் ஜெயித்தது ஆறே மாநிலங்கள். அதில் மிசிசிப்பியில் அவருக்குக் கிடைத்தது 87 சதவீதம். "மிசிசிப்பி கோல்ட்வாட்டருக்கு ஓட்டுப் போட்டது" என்று புத்தகங்களில் இருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் அந்த மாநிலத்தில் நூற்றுக்கு 42 பேர் கறுப்பர்கள். ஓட்டுப்போடும் வயது வந்த கறுப்பர்களில் வாக்காளர் பட்டியலில் பேர் இருந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. இப்போது அந்த 87 சதவீதத்தைத் திரும்பப் பாருங்கள். எதில் 87?

எப்படி வெளியே நிறுத்தினார்கள்? 1890இல் மிசிசிப்பி தனக்கு ஒரு புது அரசியல் சட்டம் எழுதிக்கொண்டது. அதில் கறுப்பருக்கு ஓட்டு இல்லை என்று எங்கேயும் எழுதவில்லை. ஓட்டுப் போட வரி கட்ட வேண்டும். அரசியல் சட்டத்தில் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், இல்லை படிக்கக் கேட்டு விளக்கம் சொல்ல வேண்டும். விளக்கம் சரியா தப்பா என்று முடிவு செய்கிறவர் வெள்ளைக்கார அதிகாரி. அவ்வளவுதான். சட்டம் சுத்தமாக இருந்தது. அழுக்கு முழுக்க அதை நடத்துகிற கையில் இருந்தது.

ஃபேனி லூ ஹேமர் என்ற பெண்மணி பருத்திக் காட்டில் வாரத்துக்குப் பயிர் செய்கிற குடும்பத்தில் இருபதாவது பிள்ளையாகப் பிறந்தவர். 1962 ஆகஸ்ட் 31ஆம் தேதி பதினேழு பேரோடு பஸ் ஏறி இண்டியனோலா என்ற ஊருக்குப் பேர் பதியப் போனார். அவருக்குக் கொடுத்த கேள்வியே புரியாத சட்டப் பிரிவு ஒன்று. பேர் பதியவில்லை. சாயங்காலம் திரும்பி வந்தால், பதினெட்டு வருஷம் உழைத்த தோட்டத்தின் முதலாளி, கொடுத்த மனுவை வாபஸ் வாங்கு, இல்லையென்றால் வெளியே போ என்றார். அன்று ராத்திரியே அவர் வெளியேறினார். நம்ம ஜனங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. ஆண்டை சொன்ன சின்னத்துக்குக் குத்தாதவனுக்கு மறுநாள் களத்துமேட்டில் வேலை இல்லை என்பது நமக்குத் தெரியாத சங்கதியா?

இதைவிட மோசமான ஒன்று அந்தக் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் ஜனாதிபதியை ஜனங்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் தேர்வாளர்கள் இருக்கிறார்கள். எத்தனை தேர்வாளர் என்பதில் ஜனத்தொகைக்குப் பங்கு உண்டு. 1787இல் எழுதிய அரசியல் சட்டத்தில், அடிமைகள் ஐந்து பேரை மூன்று பேராக எண்ணிக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அடிமைக்கு ஓட்டு கிடையாது. ஆனால் அவன் தலையைக் காட்டி அவனை வைத்திருந்தவர்கள் தங்கள் பலத்தைப் பெருக்கிக்கொண்டார்கள். 1868இல் சட்டம் திருத்தி முழுத் தலையாக எண்ணினார்கள். ஓட்டை மறுக்கிற மாநிலத்துக்கு அதற்குத் தகுந்தபடி பிரதிநிதிகளைக் குறைக்க வேண்டும் என்றும் அதே திருத்தத்தில் எழுதினார்கள். அந்த வரியை ஒருநாளும் அமல்படுத்தவில்லை. விளைவு என்ன? 1964இல் மிசிசிப்பிக்கு ஏழு தேர்வாளர்கள். அந்த ஏழில் ஓட்டில்லாத கறுப்பர்களின் தலைகளும் அடக்கம். ஏழும் கோல்ட்வாட்டருக்குப் போனது. தலை இவர்களுடையது, வாய் அவர்களுடையது.

'ஊர் சொல்லிச்சு' என்பதன் உள்கணக்கு இதுதான். எண்ணும்போது நம்மைச் சேர்த்துக்கொள்வார்கள். பேசும்போது தள்ளி வைப்பார்கள்.

இதே கணக்கோடு எங்க ஊர்க் கல்லுக்கு வருகிறேன். உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றன. வருஷம் 919, 921. பள்ளிக்கூடப் புத்தகத்தில் குடவோலை முறை என்று நாம் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். 2020 டிசம்பரில் புது நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தபோது பிரதமர் பேச்சிலும் உத்திரமேரூர் வந்தது. ஜனநாயகம் வெள்ளைக்காரன் கொடுத்ததில்லை, ஆயிரம் வருஷம் முன்னாடியே எங்களிடம் இருந்தது என்கிற பெருமை.

கல்லில் இருப்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதில் நல்லது உண்டு. முப்பது குடும்புகள். தகுதி உள்ளவர்களின் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒன்றும் அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். முந்திய மூன்று வருஷத்துக்குள் பொறுப்பில் இருந்தவர் வரக்கூடாது. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக்கூடாது. அவருடைய நெருங்கிய உறவுக்காரரும் வரக்கூடாது. இன்றைக்கு இதை அமல்படுத்தினால் எத்தனை பேர் தேறுவார்கள் என்று கேட்டுச் சிரிக்கலாம்.

ஆனால் அந்தக் குடத்துக்குள் யாருடைய பேர் விழலாம்? வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் ஓதியிருக்க வேண்டும். வேதத்தோடு பாஷ்யமும் படித்துச் சொல்லத் தெரிந்தால் அரைக்கால் வேலி போதும். ஏன்னா அது பிரம்மதேயம், சதுர்வேதிமங்கலம். சபை என்றால் பிராமணர் சபை. பெண்கள் இல்லை. உழுதவர்கள் இல்லை. சேர்க்கையால் சாதி கெட்டவர் பிராயச்சித்தம் செய்யும்வரை வரக்கூடாது என்றும் அதே கல்லில் வெட்டியிருக்கிறது. யாரோடு சேர்ந்தால் சாதி கெடும்? கல் பேர் சொல்லவில்லை. நூறு வருஷம் கழித்துத் தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் வெட்டிய கல்வெட்டில் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்றே வந்துவிடுகிறது. ஒன்றும் இல்லாமல் திடீரென்று முளைத்த வார்த்தைகளா அவை?

ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடத்திலிருந்து எடுத்தார்கள். சரி. கரைக்கு மண் சுமந்தவன் யார்? மடையைத் திறக்க ராத்திரியில் தண்ணியில் முழுகினவன் யார்? இன்றைக்கும் எங்க பக்கத்து ஊர்களில் ஏரி மடையைப் பார்த்துக்கொள்கிறவர் யார் என்று போய்ப் பாருங்கள். அவர் பேர் எந்த ஓலையிலும் ஏறியதில்லை.

நண்பர் ஒருவர் கேட்டார்: "அந்தக் காலத்தை இந்தக் காலத்து அளவுகோலை வச்சு அளக்கலாமா? ஏதென்ஸ்ல மட்டும் அடிமைக்கும் பொம்பளைக்கும் ஓட்டு இருந்துச்சா?" நியாயமான கேள்விதான். 921இல் இருந்தவர்களை நான் கூண்டில் ஏற்றவில்லை. அவர்கள் தங்களை ஜனநாயகவாதிகள் என்று சொல்லிக்கொள்ளவும் இல்லை. தகுதி இதுதான், தகுதி இல்லாதவன் வராதே என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். அந்த அளவுக்கு அவர்கள் நேர்மையானவர்கள். என் வழக்கு இன்று இருக்கிறவர்களோடு. "உத்திரமேரூர் மக்கள் தேர்தல் நடத்தினார்கள்", "நம் முன்னோர் வாக்களித்தார்கள்" என்று இப்போது மேடையில் பேசுகிறவர்களோடு. அந்த 'மக்கள்' யார்? அந்த 'நம்' யார்? என் முன்னோரை அந்த 'நம்'முக்குள் இழுத்துப் போட்டுக்கொள்ள இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? 921இல் வெளியே நிறுத்தினார்கள். இப்போது, நிறுத்தவே இல்லை என்கிறார்கள். எனக்கு இரண்டாவதுதான் கூடுதலாக வலிக்கிறது.

கால் வேலி என்ற நிபந்தனையை விட்டுவிட்டு மேலே போகக்கூடாது. நிலம் இல்லாதவனுக்குக் குரல் இல்லை என்பது சோழர் காலத்தோடு முடிந்துபோகவில்லை. 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர், இதே ஜில்லாவில் பறையர்களின் நிலைமை பற்றி அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதினார். மிராசுதாரர்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தரிசு நிலத்தைக்கூட இவர்கள் கைக்குப் போகாமல் தடுத்ததை அதில் பதிவு செய்தார். அதைத் தொடர்ந்து 1892இல் வந்த அரசாணையில்தான் பஞ்சமி நிலம் பிறந்தது. அந்த நிலத்தைத் திரும்பக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபரில் இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணையில் போராட்டம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கரோடு 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்குப் போனார். வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு, நமக்குத் தனித் தொகுதி என்று இருவரும் கையெழுத்துப் போட்டுக் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் கேட்டதைக் கவனிக்க வேண்டும். ஓட்டு மட்டும் கிடைத்தால், ஊரின் எண்ணிக்கைக்குள் அது கரைந்துபோகும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1932இல் வந்த தீர்ப்பு நமக்கு இரட்டை ஓட்டுக் கொடுத்தது: தனித் தொகுதியில் ஒன்று, பொதுத் தொகுதியில் ஒன்று. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம். மாகாண சபைகளில் 148 இடம், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. இடம் கூடியது, குரல் போனது. நிற்கிறவன் நம்ம ஆள், அவனை ஜெயிக்க வைப்பதும் தோற்கடிப்பதும் ஊர். எல்லாருக்கும் ஓட்டு என்பதும் அப்போது வரவில்லை. 1935ஆம் வருஷச் சட்டத்திலும் சொத்து, வரி, படிப்பு பார்த்துத்தான் ஓட்டு. கால் வேலி வேறு பேரில் தொடர்ந்தது.

இனி மூன்றாவது இடம். நம்ம நாட்டிலும் குடியரசுத் தலைவரை நாம் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் போடுகிறார்கள். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவர் ஓட்டின் மதிப்பு 176. எப்படி வந்தது? 1971 ஜனத்தொகையை 234ஆல் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுத்தால் 176. ஆகவே அந்த ஓட்டுக்குள் சேரித் தலைகளும் இருக்கின்றன. எங்க ஆயா தலையும் இருக்கிறது.

1996இல் தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. மதுரைப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர்ப் பக்கம் கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துக்கு என்று ஒதுக்கியதால், பத்து வருஷம், 2006 வரைக்கும் ஒழுங்காக ஒரு தலைவர் உட்கார முடியவில்லை. மேலவளவில் மட்டும் முருகேசன் எல்லா மிரட்டலையும் மீறி நின்று ஜெயித்தார். 1997 ஜூன் 30ஆம் தேதி பஸ்ஸில் வந்துகொண்டிருந்த அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 14ஆம் தேதி, குடியரசுத் தலைவர் தேர்தல். கே.ஆர். நாராயணன் நின்றார். ஐக்கிய முன்னணி, காங்கிரஸ், பா.ஜ.க. என்று எல்லாக் கொடியும் அவர் பக்கம். மொத்த வாக்கு மதிப்பில் ஏறக்குறைய 95 சதவீதம் அவருக்கு. ஜூலை 25ஆம் தேதி முதல் தலித் குடியரசுத் தலைவராகப் பதவி ஏற்றார். நானும் சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் இந்த மூன்று தேதிகளையும் ஒரே வரியில் வைத்துப் படியுங்கள். டெல்லியில் ஒரு தலித்தை நாட்டுக்குத் தலைவர் ஆக்க ஒரு கையும் தயங்கவில்லை. அவர் ஓட்டுச்சீட்டில் ஒரு பேர். கிராமத்தில் ஒரு தலித் தலைவர் ஆனால், நாற்காலியில் உட்கார்ந்து எதிரே நிற்கிற ஊரைப் பார்த்துப் பேசுவார். அங்கே அரிவாள் வருகிறது. நமது பிரதிநிதித்துவத்தை யாரும் மறுக்கவில்லை, தோழர்களே. அது தங்கள் தெருவுக்குள் நடந்து வருவதைத்தான் மறுக்கிறார்கள்.

ஜெயிக்கும்போது ஊருக்குள் காணாமல் போகிற நம்ம ஓட்டு, தோற்கும்போது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. இதையும் சொல்லியாக வேண்டும். ஓட்டுச்சீட்டு இருந்த காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணுகிற வழக்கம் இருந்தது. எந்தத் தெரு எவனுக்குப் போட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. 2004இல் நாடு முழுக்க மெஷின் வந்த பிறகு, பூத் பூத்தாகக் கணக்கு வெளியே வருகிறது. ஒரு தேர்தல் முடிந்த வாரம், எங்க காலனி பூத்தின் எண்ணிக்கையை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்தார். சத்தம் போடவில்லை. சீட்டைக் காட்டினார், போய்விட்டார். அந்தப் போகம் அறுப்புக்கு வெளியூர் ஆட்கள் வந்தார்கள். ஆயா மட்டும் சொல்லிச்சு: "ரகசியமாத்தான் போட்டேன். அது எப்படிடா நம்ம எல்லாரையும் சேத்துக் காட்டிக் குடுக்குது?" தனி ஆளுக்கு ரகசியம் உண்டு, சேரிக்கு ரகசியம் இல்லை. பதினாலு பூத் மெஷின்களைச் சேர்த்து எண்ணுகிற கருவி ஒன்றைக் கொண்டுவரலாம் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. 2015இல் சட்ட ஆணையமும் பரிந்துரைத்தது. அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் என்ன செய்வது? ஓட்டுப் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன். 1964 ஆகஸ்டில் ஹேமரும் அவர் தோழர்களும் ஜனநாயகக் கட்சி மாநாட்டுக்குப் போனார்கள். மிசிசிப்பியின் பேரால் உட்கார்ந்திருக்கிற வெள்ளையர் குழு மிசிசிப்பி இல்லை, நாங்களும் சேர்ந்ததுதான் மிசிசிப்பி என்று வாதாடினார்கள். கட்சித் தலைமை சமாதானத்துக்கு இரண்டு இடம் தருவதாகச் சொன்னது. அவர்கள் வாங்கவில்லை. இரண்டு இடம் என்பது எண்ணிக்கை; அவர்கள் கேட்டது பேர். தேர்தலில் மிசிசிப்பி கோல்ட்வாட்டருக்குத்தான் போனது. ஆனால் 1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லாத இடத்தில் அறுபது பேர் பட்டியலுக்குள் வந்தார்கள். 2013இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பல்லைப் பிடுங்கிவிட்டது. வாங்கின உரிமை தானாக நிற்காது.

இந்தக் கேள்வி நமக்கும் உண்டு. 'சேரி ஓட்டு' என்று நாம் சொல்கிறபோது யார் பேசுகிறார்கள்? நாட்டாமையும் நாலு இளைஞர்களும் உட்கார்ந்து முடிவு செய்ததைச் சேரி முடிவு என்கிறோம். பெண்களைக் கேட்டோமா? சேரியின் கோடியில் இருக்கிற புதிரை வண்ணார் வீட்டைக் கேட்டோமா? 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது நம்மில் சிலர், தலித் ஒற்றுமை உடைகிறது என்று கத்தினார்கள். ஒற்றுமை என்று எதைச் சொன்னார்கள்? அவர்கள் தலையைச் சேர்த்து எண்ணிக்கொண்டு நாம் மட்டும் பேசுவதையா? ஊரைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை நம் தெருவிலும் கேட்காவிட்டால் அது கேள்வி இல்லை, பங்குச் சண்டை.

நான் கேட்பது பெரிசு இல்லை. காலனி ஜனங்கள் பயப்படாமல் நடந்து போகிற இடத்தில் பூத். தெருவைக் காட்டிக் கொடுக்காத எண்ணிக்கை. உத்திரமேரூர் மண்டபத்துக்கு வருகிற பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வெட்டின் பெருமையைச் சொல்கிற வாத்தியார், குடத்தில் பேர் போட முடியாதவர்கள் யார் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதுவும் அந்தக் கல்லிலேயே இருப்பதுதான். நான் புதிதாக எதையும் வெட்டச் சொல்லவில்லை. அதைச் சொல்லும்வரை, உத்திரமேரூர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. கால் வேலிக்காரர்கள் தங்களுக்குள் குலுக்கல் போட்டுக்கொண்டார்கள் என்றுதான் சொல்வேன்.